இணைய விளம்பரமும் இணைய வருமானமும்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் என்று இந்தப் பக்கத்து ஊர்களில் பலகாரம் போடுகிறவர்கள், தரைக்குப் பூக்கல் (பூவேலைப்பாட்டு டைல்ஸ்) அச்சடிக்கிறவர்கள், கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: இந்தப் பணம் யார் பையிலிருந்து, எதற்காக வருகிறது? பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து நடத்திய ஊர் இது. பேரேடும் ஐந்தொகையும் பார்த்து வளர்ந்த வீடுகளில், இணையம் என்றதும் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்களே என்கிற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இணையத்தில் நிஜமாகவே சம்பாதிக்க முடியுமா, இல்லை எல்லாம் ஏமாற்றா?

முடியும். ஆனால் வழிகள் கொஞ்சம்தான். பொருளை விற்கலாம். உழைப்பையோ தெரிந்த வித்தையையோ விற்கலாம். நாம் போடும் வீடியோவிலோ எழுத்திலோ அடுத்தவர் விளம்பரத்துக்கு இடம் கொடுத்து அதில் பங்கு வாங்கலாம். இன்னொருவர் பொருளைச் சொல்லி விற்றுக்கொடுத்து கமிஷன் வாங்கலாம். யார் எந்தப் பெயர் வைத்துக்கொண்டு வந்தாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். எதிலும் சேராத ஒன்றைச் சொன்னால், அங்கே பணம் வருவது உங்களைப் போலவே ஏமாந்து சேர்ந்தவர்களிடமிருந்துதான்.

ஒரு தடவை தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் விலை பார்த்தேன். அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் டைல்ஸ் விளம்பரமாக வருகிறது. போன் நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆச்சி இல்லை. ஒட்டுக் கேட்கவேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை என்பதுதான் பதில். நாம் தேடுவது, தொடுவது, ஒரு படத்தின் மேல் இரண்டு விநாடி கூடுதலாக நிற்பது எல்லாமே கணக்கில் ஏறுகிறது.

ஒரு கடையின் இணையதளத்தைத் திறந்தால், அது உங்கள் பிரவுசரில் ஒரு சிறு குறிப்பை எழுதிவைக்கும். அதற்குப் பெயர் குக்கீ. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி என்பவர் உருவாக்கியது. கூடையில் போட்ட பொருளை இணையதளம் மறக்காமல் இருக்கத்தான் முதலில் அதைச் செய்தார்கள். முதல் பட்டை விளம்பரம் இணையத்தில் வந்ததும் அதே ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி. ஹாட்வயர்ட் என்ற இதழின் தளத்தில். இரண்டும் ஒன்றுசேர்ந்த பிறகு, ஒரு தளத்தில் எழுதிய குறிப்பை வேறொரு தளத்தில் விளம்பர நிறுவனம் படிக்கிற வழக்கம் வந்தது. நீங்கள் கல் விலை பார்த்த தளத்தில் பேஸ்புக்கின் நிரல் ஒரு வரி இருந்தால், 'இவர் டைல்ஸ் பார்த்தார்' என்ற தகவல் அங்கே போய்விடும். செல்போன் ஆப்களில் குக்கீக்குப் பதிலாக ஒவ்வொரு போனுக்கும் ஒரு விளம்பர அடையாள எண் இருக்கிறது.

பிறகு நடப்பது ஏலம். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்துக்குள், 'டைல்ஸ் பார்த்த ஒருவர், சிவகங்கை மாவட்டம், இந்த வயது' என்ற விவரம் ஏலத்துக்குப் போகிறது. கேட்கிற விலையும், அந்த விளம்பரத்தை நீங்கள் தொடுவீர்களா என்கிற கணிப்பும் சேர்த்துப் பார்த்து ஒருவருக்கு இடம் கிடைக்கிறது. கல் வாங்கி முடித்த பிறகும் பல நாள் அதே விளம்பரம் வருவதற்குக் காரணம், நீங்கள் வாங்கிவிட்டது அவர்களுக்குத் தெரியாததுதான். பேசிய விஷயம் விளம்பரமாக வந்ததென்றால், உங்கள் வீட்டில் அதே வைஃபையில் இருக்கும் இன்னொருவர் அதைத் தேடியிருக்க வாய்ப்பு அதிகம்.

அதைக் குறைக்க என்ன செய்வது?

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் தனியுரிமை அல்லது கூகுள் என்ற பகுதியில் விளம்பரங்கள் என்று இருக்கும். அங்கே விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடலாம். கூகுள் கணக்கில் 'மை ஆட் சென்டர்' என்ற பக்கத்தில் விளம்பரத்தை நமக்கேற்பத் தேர்ந்தெடுப்பதையே நிறுத்தலாம். சூதாட்டம், எடைக் குறைப்பு போன்ற சில வகைகளை மட்டும் குறைக்கவும் முடியும். ஐபோனில் 2021 ஏப்ரல் முதல் ஒவ்வொரு ஆப்பும் பின்தொடர அனுமதி கேட்கிறது; வேண்டாம் என்று அழுத்துங்கள். குரோமில் வெளித்தளக் குக்கீகளை ஒழிக்கப்போவதாகப் பல வருடம் சொல்லிவந்த கூகுள் 2024-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே அமைப்புகளில் நாமே தான் அடைத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் செய்தாலும் விளம்பரம் நிற்காது. உங்களைக் குறிவைப்பது மட்டும் குறையும்.

விளம்பரம் பார்த்தாலே தினம் 500 ரூபாய் தருகிறார்களாம். பக்கத்து வீட்டில் சேர்ந்திருக்கிறார்கள், பணமும் வந்திருக்கிறது. சேரலாமா?

சேராதீர்கள். இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊர்களில் நகையை அடகு வைத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

விளம்பரதாரர் ஆயிரம் பேர் பார்ப்பதற்கு ஒரு தொகை கொடுக்கிறார். அதை ஆயிரத்தால் வகுத்தால் ஒருவர் ஒரு விளம்பரம் பார்ப்பதற்கு நம் ஊரில் பைசாக் கணக்குத்தான் வரும். அந்தப் பைசாவையும் அவர் கொடுப்பது, பார்ப்பவர் பொருளை வாங்கக்கூடும் என்ற நம்பிக்கையில். காசுக்காக மட்டும் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் விளம்பரம் காட்ட எந்த வியாபாரியும் 5 ரூபாய் கொடுக்க மாட்டார். அப்படியானால் உங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த பணம் எங்கிருந்து வந்தது? புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய சேர்ப்புக் கட்டணத்திலிருந்து. ஆள் சேருகிற வரை எல்லாருக்கும் வரும். சேர்வது மெதுவான அன்று நின்றுவிடும். ஆள் சேர்த்தால் பணம் என்கிற சுழற்சித் திட்டங்களைத் தடுக்க 1978-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. அதில் நடத்துகிறவர் மட்டுமல்ல, ஆள் சேர்த்துவிட்டவரும் மாட்டுவார். சொந்தக்காரர்களைச் சேர்த்துவிடும் முன் இதை யோசித்துப் பாருங்கள். போன பணத்தைவிட, பங்காளி வீட்டு வாசலில் தலைகாட்ட முடியாமல் போவதுதான் பலருக்குப் பெரிய இழப்பாக இருந்திருக்கிறது.

இதன் தம்பிதான் டெலிகிராம் 'டாஸ்க்' வேலை. வாட்ஸ்ஆப்பில் ஒரு பெண் பெயரில் செய்தி வரும். யூடியூப் வீடியோவுக்கு லைக் போடு, ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடு என்பார்கள். முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் ஏறும். அது தூண்டில் புழு. அடுத்து 'முன்பணம் கட்டிச் செய்யும் டாஸ்க்' வரும். ஆயிரம் கட்டினால் 1,300 என்பார்கள், கொடுக்கவும் செய்வார்கள். தொகை பெரிதானதும் திரையில் லாபம் ஏறும், எடுக்க முடியாது. எடுக்க வரி கட்டு, அபராதம் கட்டு என்று இன்னும் கேட்பார்கள். இதில் எந்த இடத்திலும் உங்களிடம் பொருளும் இல்லை, உழைப்பும் இல்லை, விளம்பர இடமும் இல்லை. முதல் கேள்வியில் சொன்ன நான்கில் எது என்று கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. 'உன் பேங்க் கணக்கை மட்டும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்' என்று கேட்டால் கொடுக்கவே கூடாது. திருடிய பணத்தைக் கைமாற்ற அந்தக் கணக்கு பயன்படும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான்.

தாய்லாந்தில் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' வேலை, நல்ல சம்பளம் என்று ஏஜண்ட் சொல்கிறார். போகலாமா?

அந்த ஏஜண்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். 2022-இல் இப்படித் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, அங்கே இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள், மறுத்தவர்களை அடித்திருக்கிறார்கள். அரசு தலையிட்டுத்தான் மீட்டு வந்தது. நம் தாத்தாக்கள் அதே பர்மாவுக்குக் கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போனபோது, போகிற கடை யாருடையது, மேலாள் யார், எத்தனை வருடக் கணக்கு, சம்பளம் எவ்வளவு என்று சம்பளச் சீட்டு எழுதிவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

யூடியூப் சேனல் ஆரம்பித்தால் எப்போது பணம் வரும்?

விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மற்றவர்கள் பார்த்திருக்க வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் வீடியோக்கள் 1 கோடி தடவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். நீள வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. ஷார்ட்ஸில் பிரித்து ஒதுக்கும் தொகையில் 45 சதவீதம்.

'ஒரு லட்சம் பேர் பார்த்தால் எவ்வளவு?' என்று கேட்கிறார்கள். ஒரே தொகை கிடையாது. அமெரிக்காவில் இருப்பவர் பார்த்தால் ஏலத்தில் விலை அதிகம், தேவகோட்டையில் இருப்பவர் பார்த்தால் குறைவு. கடன், காப்பீடு, வீடு கட்டுவது பற்றிப் பேசினால் விலை அதிகம், நகைச்சுவைக்குக் குறைவு. தீபாவளியை ஒட்டி விளம்பரதாரர்கள் போட்டி போடுவதால் ஏறும், ஜனவரியில் இறங்கும். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பார்க்கும் வீடியோவுக்கு, பார்வை குறைவாக இருந்தாலும் வருமானம் கூடுதலாக வருவது இதனால்தான். செட்டிநாட்டுச் சமையல், கல்யாணச் சடங்கு, வீடுகளின் கட்டுமானம் போன்றவற்றுக்கு அங்கே நல்ல ஆர்வம் இருக்கிறது.

பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆனது. தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைத்ததுதான் அதன் பலம். அதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வயலில் அண்டா வைத்து எடுப்பவர்கள் நிறைய. அந்த இடம் நிரம்பிவிட்டது. கைமுறுக்கு சுற்றும் விரல் அசைவை ஒரு ஆச்சி நிதானமாகச் சொல்லிக் கொடுக்கும் வீடியோவைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

கணினிக் குரலில், யாரோ எடுத்த படங்களை ஒட்டி, நாளைக்குப் பத்து வீடியோ போடலாம் என்று வகுப்பு எடுக்கிறவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரே அச்சில் வார்த்தெடுக்கும் வீடியோக்களுக்குப் பணம் இல்லை என்று யூடியூப் 2025 ஜூலையில் தன் விதியை இன்னும் தெளிவாக்கியிருக்கிறது.

பணம் சேர்ந்துவிட்டது, ஆனால் கைக்கு வரவில்லை. ஏன்?

கூகுள் விளம்பரப் பங்கைக் கொடுக்கும் ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள்; மாதம் 21-ஆம் தேதிக்கு மேல் வரும். அதற்கு முன், 10 டாலர் ஆனதும் உங்கள் முகவரிக்குத் தபாலில் ஒரு பின் எண் வரும். அதைக் கணக்கில் போட வேண்டும். நான்கு மாதத்துக்குள் போடாவிட்டால் விளம்பரமே நின்றுவிடும். நம் ஊர்களில் சிக்கல் இங்கேதான் வருகிறது. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள்; வீட்டு விலாச எழுத்துகளை (குடும்பத்துப் பெரியவர்கள் பெயரின் முதலெழுத்துகளை) சொன்னால் தபால்காரருக்குத் தெரியும், கதவு எண் யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே தெரு, பழைய எண், புதிய எண், அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் எழுதி, தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். நிரப்பி, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோரினால் அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்ததால் வந்த பகுதியில் மட்டும் 15 சதவீதம்.

தமிழில் எழுதினால் விளம்பரம் கிடைக்குமா?

2018 பிப்ரவரி முதல் ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை ஏற்கிறது. அதற்கு முன் தமிழில் எழுதியவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. விளம்பரதாரர் தருவதில் ஏறத்தாழ 68 சதவீதம் எழுதுகிறவருக்கு. ஆனால் இப்போது தேடினால் கூகுளே மேலே பதிலைத் தொகுத்துக் காட்டிவிடுகிறது. பக்கத்துக்குள் வருகிறவர்கள் குறைகிறார்கள். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று என்னால் சொல்ல முடியாது. எழுதப் பிடித்தால் எழுதுங்கள். சொந்த விளம்பரத்தை நீங்களோ, மச்சான் மாப்பிள்ளைகளோ அழுத்தாதீர்கள். கணக்கை முடக்கிவிடுவார்கள், சேர்ந்த பணமும் போகும்.

வீட்டில் பலகாரம் போடுகிறேன். இணையத்தில் விற்க எங்கே ஆரம்பிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இந்த ஊருக்கு இணையத்தில் இருக்கும் நிஜமான செல்வம் விளம்பரப் பங்கில் இல்லை, சீப்புச் சீடையிலும் மனகோலத்திலும் தேன்குழலிலும் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சென்னையிலும் கோவையிலும் இருக்கும் குடும்பங்கள் ஆச்சி கைப்பக்குவத்துக்குக் காசு கொடுக்கக் காத்திருக்கின்றன. பணம் யார் பையிலிருந்து, எதற்காக வருகிறது என்பதில் இங்கே சந்தேகமே இல்லை.

முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. வீட்டில் போட்டாலும் விற்பனைக்கு என்றால் அது வேண்டும். பொட்டலத்தில் பதிவு எண், சேர்மானங்கள், எடை, தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், சைவத்துக்கான பச்சைக் குறி ஆகியவை இருக்கட்டும். பிறகு வாட்ஸ்ஆப் பிசினஸ் ஆப்பில் பொருள் பட்டியல். நல்ல வெளிச்சத்தில், முகப்புத் திண்ணையில் வைத்து எடுத்த படம் போதும். விலையை எழுதிவிடுங்கள்; 'விலைக்குத் தனியாகக் கேட்கவும்' என்றால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள்.

காசு கொடுத்து விளம்பரம் போடுவது அதற்குப் பிறகுதான். பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் தொட்டால் நேராக உங்கள் வாட்ஸ்ஆப்புக்கு வரும் வகை விளம்பரம் இருக்கிறது. எந்த ஊர், எந்த வயது என்று நாமே வரையறுக்கலாம். 'தமிழ்நாடு முழுவதும்' என்று போட்டுப் பணத்தைக் கரைக்காதீர்கள். நீங்கள் பார்சல் அனுப்பக்கூடிய இரண்டு நகரங்களைப் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி. 2,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டு 40 பேர் விசாரித்து 8 பேர் வாங்கினார்கள் என்று வைப்போம். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 250 ரூபாய் ஆகியிருக்கிறது. எண்ணெய், நெய், மாவு, உதவிக்கு வந்தவர் கூலி, டப்பா, கூரியர் எல்லாம் போக ஒரு ஆர்டரில் உங்களுக்கு நிற்பது 150 என்றால், முதல் ஆர்டரில் 100 ரூபாய் நஷ்டம். அவர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மறுபடி வாங்கினால்தான் அது லாபமாகும். ஆகவே புது ஆளைப் பிடிப்பதைவிட வாங்கியவரைத் திரும்ப வரவைப்பதில்தான் தொழில் இருக்கிறது. பலர் தங்கள் சொந்தக் கைக்கூலியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதிகாலை எழுந்து மாவு பிசைகிற உழைப்புக்கு விலை போடாமல் 'லாபம்' என்று சொல்லாதீர்கள்.

வாங்கியவர்களின் பெயர், ஊர், என்ன வாங்கினார் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் செய்தி அனுப்புங்கள். அறியாத எண்களுக்குக் கூட்டமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் எண்ணையே முடக்கிவிடும். அந்த எண்ணில்தான் உங்கள் கடையே இருக்கிறது.

ஜிஎஸ்டி பற்றி: தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பதற்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் பெங்களூருக்கு ஒரு கிலோ தேன்குழல் விற்றாலும் அது வெளிமாநில விற்பனை. அதற்கு அந்த வரம்பு பொருந்தாது. கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகள் உண்டு. உங்கள் ஆடிட்டரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை, பனையோலைக் கொட்டான் (கூடை) இவற்றுக்கும் இதே வழிதானா?

இல்லை. கல் கனமானது, உடையக்கூடியது, ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் வாங்குவார்கள். வாங்கச் சொல்கிறவர் பெரும்பாலும் கட்டடக் கலைஞர். கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறம் ஊற்றுவது, மேலே மணலும் சிமெண்டும் போடுவது, தண்ணீரில் ஊறவைப்பது, சூளையே இல்லாமல் காயவைப்பது, கண்ணாடியிலிருந்து பிரிந்ததும் அந்த மினுமினுப்பு என்று பட்டறை வேலையை அப்படியே படமெடுத்துப் போடுங்கள். கூகுள் மேப்பில் பட்டறையை இலவசமாகப் பதியலாம். மதுரையிலிருந்து வண்டி எடுத்து வருகிறவர் அதைப் பார்த்துத்தான் வருவார். காசு விளம்பரம் இங்கே கடைசிபட்சம்.

கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறித் துணியைக் கண்டாங்கி என்று மலிவாக விற்கும் விளம்பரங்கள் இணையத்தில் ஏராளம். அந்த விலையோடு போட்டி போடாதீர்கள். தறியையும் நெய்கிறவர் கையையும் காட்டுங்கள். கொட்டானுக்கும் குறியீடு உண்டு. எடை குறைவு, உடையாது, கல்யாணத் தாம்பூலத்துக்கு மொத்தமாகக் கேட்பார்கள். இணையத்துக்கு இவ்வளவு தோதான பொருள் நம்மிடம் வேறு இல்லை.

பழைய வீட்டுச் சாமான்களை ஆன்லைனில் விற்கலாமா?

மங்குச் சாமான், பழைய பெட்டி, கதவு, ரவிவர்மா அச்சுப் படம் என்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பார்ப்பதையெல்லாம் இணையத்தில் போட ஆசை வருகிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 100 ஆண்டு கடந்த சிலை, ஓவியம், கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருளாகும். மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு போதும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது; தொழிலாக விற்க உரிமம் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் நல்ல விலை கேட்கிறார் என்று தபாலில் போட்டுவிட்டால் குற்றம்.

சாதாரணப் பழைய சாமான் விற்கும்போது, 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்' என்று வருவார்கள். பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யுபிஐ பின் போடவும் வேண்டாம். பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும்.

ரீல்ஸ் போடுகிறேன். கடைக்காரர்கள் இலவசமாகப் பொருள் கொடுத்துப் பேசச் சொல்கிறார்கள். தவறா?

பேசுவது தவறில்லை, காசோ பொருளோ வாங்கியதை மறைப்பதுதான் தவறு. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டியின்படி, அது விளம்பரம் என்பதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்துவைக்கக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. இலவசமாக வரும் பொருளின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 தாண்டினால் 10 சதவீத வரிப்பிடித்தமும் உண்டு. யூடியூப் பணம், கமிஷன் எல்லாமே வருமானம்தான். வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள்.

பணம் வைத்து ஆடும் ரம்மி ஆப்களை மட்டும் எந்த விலைக்கும் பேசாதீர்கள். 2025-இல் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் அவற்றை விளம்பரம் செய்வதையே குற்றமாக்கிவிட்டது: இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். உங்களை அண்ணன் என்றும் அக்கா என்றும் நம்பிப் பார்க்கிற பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதற்கு நீங்கள் காரணமாக இருக்கக் கூடாது.

வீட்டிலிருந்தே செய்ய நல்ல வேலைகள் எவை?

கணக்கு எழுதுவது, மொழிபெயர்ப்பு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பது, சமையல் வகுப்பு, நிரல் எழுதுவது. வேலைக்கு முன் 'பதிவுக் கட்டணம்', 'பயிற்சிக் கட்டணம்' கேட்டால் அது வேலை இல்லை.

அப்பச்சி (அப்பா) ஏமாந்து பணம் அனுப்பிவிட்டார். பிரபல மனிதர் ஒருவரே பேசுகிற முதலீட்டு விளம்பரம் என்று நம்பிவிட்டார். இப்போது என்ன செய்வது?

முகத்தையும் குரலையும் கணினியில் போலியாகச் செய்துவிடுகிறார்கள், அப்பச்சியைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை சொல்லவே மாட்டார், நேரம் போய்விடும். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க அதில் வழி இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால் கிடைக்கும் வாய்ப்பு கூடும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியுங்கள். பணம் அனுப்பிய ரசீது, எதிராளியின் எண், பேசிய செய்திகள், அந்த விளம்பரத்தின் படம் எதையும் அழிக்காதீர்கள். 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று சில நாளில் இன்னொருவர் கூப்பிடுவார். அவரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். புகார் எண்ணை எழுதிக்கொண்டு வங்கிக் கிளைக்கு நேரில் போங்கள், அங்கே அதைத்தான் கேட்பார்கள்.